மூன்றாம் நிலை லீக்கின் ஸ்டாப்பர்

நேற்று காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஊசியை உருவிய பெண், பஞ்சை வைத்து அழுத்தச் சொல்லிவிட்டு, சுருளிலிருந்து வெள்ளை பிளாஸ்திரியை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்து ஒட்டினாள். மெல்லிய துணி கிழியும் அந்தச் சத்தமும், ரப்பரும் மருந்தும் கலந்த அந்த வாசனையும் ஒன்றாக வந்தன. என் கை தானாகச் சட்டைப்பையில் பேனாவைத் தேடியது.

"எழுத ஒண்ணும் இல்ல சார், கிளம்பலாம்," என்றாள் அவள்.

எழுத இருந்தது. நீ போய் நாலு மாதம் ஆகிறது. உன்னைப் பற்றி எழுதிவிட்டேன். உனக்கு இன்னும் ஒரு வரி எழுதவில்லை.

உன்னை நான் முதலில் பார்த்ததே அந்தப் பிளாஸ்திரியோடுதான். செங்கல்பட்டு மைதானத்தில் மாவட்டப் போட்டி. நான் பத்திரிகைக்கு மாவட்டச் செய்தியாளன். உன்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன். நீ திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து வந்த அணியின் ஸ்டாப்பர். கோல்கீப்பருக்கு முன்னால் நின்று, எதிரணியின் முன்கள ஆட்டக்காரனை மறிப்பது உன் வேலை. ஆட்டம் தொடங்குவதற்கு முன் பிளாஸ்திரியைப் பல்லால் கடித்துக் கிழித்து இடது மணிக்கட்டில் சுற்றினாய். என்னிடம் வந்து பேனா கேட்டாய். "9. இடது கால். உள்ள திரும்புவான்" என்று எழுதிக்கொண்டாய். பேனாவைத் திருப்பித் தரவில்லை.

இரண்டாம் பாதியில் அந்த ஒன்பதாம் எண்காரன் கார்னருக்கு நிற்கும்போது உன் கையைப் படித்துவிட்டான். "எனக்கு ரைட்டும் வரும் மச்சான்," என்று சொல்லிவிட்டு வலது காலால் அடித்தான். பந்து உன் முழங்காலில் பட்டு உள்ளே போனது. மறுநாள் செய்தியில் உன் பெயர் வந்தது: சேம்சைடு கோல்.

அப்படித்தான் நம் பழக்கம் ஆரம்பித்தது. பேனாவைக் கொடுக்க என் வீட்டுக்கு வந்தாய். கோபத்தோடு வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். நீ சிரித்துக்கொண்டு வாசலில் நின்றாய். "இன்னா அண்ணாத்த, தொண்ணூறு நிமிஷம் அவன புடிச்சிகினு நின்னேன். அதுக்கு ஒரு வரி இல்ல. முட்டிக்கு மட்டும் வரி போட்டுட்ட," என்றாய்.

அது நியாயமான புகார். என் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தேன். நீ இங்கே ஆடிய ஆறு ஆண்டுகளில் உன் பெயர் என் செய்திகளில் மூன்று முறைதான் வந்திருக்கிறது. ஒரு சேம்சைடு கோல், ஒரு சிவப்பு அட்டை, ஒரு காயம். உன் அணி கோல் வாங்காமல் ஆடிய ஆட்டங்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் கோல் அடித்தவனின் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். "நம்ம பேரு பேப்பர்ல வந்தா அன்னிக்கு டீமுக்கு பேஜாருன்னு அர்த்தம்," என்பாய்.

பிறகு பொத்தேரிப் பக்கம் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடத்தில் சேர்ந்தாய். அங்கே ஒரு போட்டிக்கு விருந்தினராக வந்திருந்த அமெரிக்கப் பயிற்சியாளர் ஒருவர், தங்கள் ஊரின் சிறிய கல்லூரியில் மேல்படிப்பு படித்துக்கொண்டே ஆடலாம் என்று உதவித்தொகைக்கு வழிசெய்தார். டிராக்டர் ஓட்டிப் பிழைத்த உன் அப்பா, பனி பெய்யும் ஊரில் பையன் எப்படிப் பந்து விளையாடுவான் என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன்.

படிப்பு முடிந்ததும் ஒரு கிளப் உன்னை எடுத்தது. அந்தச் செய்தியை நீ சொன்ன காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உனக்கு மாலை, எனக்குக் காலை ஆறரை. கொளவாய் ஏரிக் கரையில் நடந்துகொண்டிருந்தேன். தகவலை வரிசையாகச் சொன்னாய். செய்தியாளனுக்கு எது தேவை என்று உனக்குத் தெரியும். மூன்றாம் நிலை லீக். மார்ச் முதல் அக்டோபர் வரை ஒப்பந்தம். தங்குவது ஓய்வுபெற்ற ஒரு தம்பதியின் வீட்டில், கீழ்த்தளத்து அறையில். கடைசியில், "மூணாவது லெவல் அண்ணாத்த, மறக்காம போடு. இல்லாட்டி ஊருக்குள்ள ஓவரா பூடும்," என்றாய்.

நான் போட்டேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கணினி மையத்தில் உட்கார்ந்து, "அமெரிக்காவின் மூன்றாம் நிலை தொழில்முறைக் கால்பந்து லீக்கில்" என்று தட்டச்சு செய்தேன். பிறகு படித்துப் பார்த்தேன். மூன்றாம் நிலை என்றால் உள்பக்கத்தில் நாலு வரி கிடைக்கும். அது இல்லாவிட்டால் படத்தோடு மூன்று பத்தி. அந்த இரண்டு சொற்களையும் அழித்தேன். யாரும் சொல்லி அழிக்கவில்லை. நான்தான் அழித்தேன். மீதி வாக்கியம் பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலைமை அலுவலகத்தில் தலைப்பு வைத்தவருக்கு என் மனசாட்சி தெரியாது. "அமெரிக்க உச்ச லீக்கில் செங்கல்பட்டு வீரர்" என்று வைத்துவிட்டார்.

செய்தி வெளிவந்த அன்று மதியத்துக்குள் ராட்டினங்கிணறு பக்கம் பேனர் வந்துவிட்டது. உன் படத்துக்குப் பின்னால் விமானம், கட்டடங்கள், ஒரு கழுகு. வைத்தவர் நம் ஊர்க் கால்பந்து மன்றச் செயலாளர் தாமோதரன்.

இரண்டு நாள் கழித்து நீ பேசினாய். திட்டவில்லை. "ஒரு திருத்தம் போட்டுடு அண்ணாத்த," என்றாய். எழுதினேன். மூன்று வரி. பேனரைக் கடந்துதான் கணினி மையத்துக்குப் போக வேண்டும். அதன் கீழே உன் அப்பா நின்று, தெரிந்தவர் ஒருவருக்குப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த மூன்று வரியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். நாளை அனுப்பலாம் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் நாளைக்குப் போடும் திருத்தம் என்று ஒன்று கிடையாது.

ஒன்பது பருவங்கள் ஆடினாய். நாலு ஊர், நாலு கிளப். ஒரு கிளப் பருவத்தின் நடுவே மூடப்பட்டது. நீ பயிற்சிக்குப் போனபோது வாயிற்கதவில் பூட்டு தொங்கியது. இரண்டு பருவம் மட்டும் இரண்டாம் நிலையில் ஆடினாய், மற்றதெல்லாம் மூன்றாம் நிலை. ஆட்டத்துக்குப் பன்னிரண்டு மணிநேரம் பேருந்தில் போவீர்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஒப்பந்தம் இல்லாததால் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினாய். பனி விழுந்த மைதானத்தில் கோடு தெரியாமல் போனதை, "பெனால்டி பாக்ஸ் லைன நாமளே மனசுல போட்டுக்கணும்," என்று சொன்னாய்.

மணிக்கட்டில் எழுதுவதை மட்டும் விடவில்லை. தமிழில் எழுதினால் அங்கே ஒருவனுக்கும் படிக்கத் தெரியாது என்பதில் உனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "அவன் மூஞ்சிக்கு நேரா கைய தூக்கிகினு நிக்கறேன் அண்ணாத்த. அவனப் பத்தித்தான் எழுதியிருக்கு. இது இன்னா ஜெபமான்னு கேட்டான். ஆமான்னேன்." அதற்குப் பிறகு அவன் உன்மேல் மோதும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டானாம்.

உன் ஆட்டம் ஒன்றே ஒன்றை நான் பார்த்தேன். கிளப்பே இணையத்தில் ஒளிபரப்பியது. ஒரே ஒரு கேமரா. அது பந்தைத் தொடர்ந்து போனது. தொண்ணூறு நிமிடத்தில் நீ திரையில் இருந்தது பத்து நிமிடம் இருக்கும். முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகுதான் கவனித்தேன். உன் பக்கம் வர வேண்டிய பந்து வரவே இல்லை. அதைக் கொடுக்க நினைத்தவன் தலையைத் தூக்கி உன்னைப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் தள்ளினான். ஆட்டம் கோலில்லாமல் முடிந்தது. அன்று நீ பேசும்போது பெரிய விருந்து சாப்பிட்டவன் போலப் பேசினாய்.

ஒவ்வொரு மார்ச் மாதமும், பருவம் தொடங்கும் வாரத்தில், கேட்பாய்: "திருத்தம் வந்துச்சா?" வரும் என்பேன். சிரிப்பாய். நாளடைவில் அது ஒரு விளையாட்டாகிவிட்டது என்று நான் நம்பிக்கொண்டேன்.

விளையாட்டில்லை என்று தெரிந்த நாள் பிறகு வந்தது. முழங்கால் ஒத்துழைக்காமல் ஊருக்கே திரும்பிவிட்டாய். மாமல்லபுரத்துக்கு இப்பால், சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில் வீடு கட்டிக் குடியேறினாய். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பள்ளியில் பயிற்சியாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. மேசையில் இரண்டு தாள்கள் வைத்திருந்தார்கள். ஒன்று என் செய்தியின் நகல். இன்னொன்று உன் கிளப்பின் இணையப் பக்கம். எது பொய் என்று கேட்டார்கள். பேப்பர்தான் என்றாய். அப்படியென்றால் இத்தனை வருடம் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டார்கள்.

அதற்கு உன்னிடம் பதில் இருந்தது. அந்தப் பதில் என் பெயர். நீ அதைச் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டாய். அடுத்த ஆண்டு வேறொரு சின்னப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் வேலை கிடைத்த பிறகுதான், கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டே, ஏதோ சினிமாக் கதை சொல்வதுபோல் இதை என்னிடம் சொன்னாய். மீதிச் சுண்டலை மடித்து வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த மார்ச் மாதங்களில் நீ திருத்தத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதுதான் எனக்கு மிகவும் கனமாக இருந்தது.

சிறுநீரகம் கெட்டுப்போய் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்கு நீ செங்கல்பட்டு வரத் தொடங்கியபோது, முடிகிற நாளெல்லாம் வந்து உட்கார்ந்தேன். ஒருநாள் தைரியம் வந்து நானே பேச்செடுத்தேன். குழாய்கள் பொருத்திய கையை அசைக்காமல், "வுடு அண்ணாத்த. பந்து அவுட்டுக்குப் போயாச்சு," என்றாய். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஆட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டார். நாம் இருவரும் சிரித்தோம். வீட்டுக்கு வரும் வழியில் நினைத்துக்கொண்டேன்: அவுட்டுக்குப் போன பந்தை யாராவது எடுத்து உள்ளே எறிய வேண்டுமே.

நீ இறந்த மறுநாள் தாமோதரன் வந்தார். நினைவஞ்சலி பேனருக்கு வாசகம் எழுதி வைத்திருந்தார். "அமெரிக்க உச்ச லீக் வீரர்." சரிபார்த்துத் தரச் சொன்னார். அது உண்மையில்லை என்றேன். அவருக்குத் தெரிந்திருந்தது. "தெரியும்பா. இப்ப போய் அத நோண்டுவியா? ஆளே இல்ல. பொண்ணு பள்ளிக்கூடம் போவுது, நாலு பேரு கேப்பான். நீயும் அப்படியே எழுதிடு, நல்லா கீது," என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் கஷ்டமாக இருந்தது. நான் உண்மையை எழுதினால் உன் பெண்ணின் வகுப்பில் அது எப்படிக் கேட்கும்? எழுதாவிட்டால், என் பொய்யோடு உன்னை அனுப்பி வைத்ததாகும். பத்திரிகையில் இரங்கல் செய்திக்கு மூன்று நாள் அவகாசம் தந்திருந்தார்கள். இரண்டாவது நாள் பேருந்து ஏறி உன் வீட்டுக்குப் போனேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை என்ன சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

உன் மனைவி எஸ்தரிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். எந்த இரண்டு சொற்களை அழித்தேன், எதற்காக அழித்தேன், திருத்தம் ஏன் போகவில்லை, எல்லாவற்றையும். கேட்டு முடித்ததும் அவர் எழுந்தார். உள்ளே போய் நீளமான ஒரு நோட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

உன் மணிக்கட்டுப் பிளாஸ்திரிகள். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் உரித்து நோட்டில் ஒட்டியிருக்கிறாய். பக்கத்துக்கு நாலு. கீழே ஊர், தேதி, முடிவு. வியர்வையில் மை பரவியிருந்தாலும் படிக்க முடிந்தது. "11. வேகம். பின்னாடியே போவாத." "9. தலையில அடிப்பான். முன்னாடி நில்லு." "10. நல்ல பையன். நம்பாத." ஒன்பது பருவங்களும் அதில் இருந்தன. நான் எழுதாத செய்தி முழுவதும் இருந்தது. முடிவு என்ற இடத்தில் கோல் இல்லாத ஆட்டங்களுக்கெல்லாம் நட்சத்திரம் போட்டிருந்தாய்.

"மொத பக்கத்த பாருங்க அண்ணா," என்றார் எஸ்தர்.

முதல் பக்கத்தில் என் செய்தி ஒட்டியிருந்தது. தலைப்பில் "உச்ச" என்பதை ஒரு கோட்டால் அடித்திருந்தாய். செய்தியில் நான் அழித்த அதே இடத்தில், சொல் விடுபட்டதைக் காட்டும் கூரைக்குறி போட்டு, மேலே நீலப் பேனாவால் எழுதியிருந்தாய்: மூன்றாம் நிலை. இடம் பிசகவில்லை. அசலை நீ பார்த்ததே இல்லை.

"பொண்ணு பாக்க வந்தப்பவே இத எடுத்துகினுதான் வந்தாரு," என்றார் எஸ்தர். "காப்பிகூட குடிக்கல. எங்கப்பா முன்னாடி விரிச்சு வெச்சு, பேப்பர்ல தப்பா போட்டுட்டாங்க, நான் மேல இருக்கற லீக் இல்ல, மூணாவதுன்னாரு. எங்கப்பா, பந்துல எத்தினி லீக் இருந்தா எனக்கு இன்னா, குடிப்பழக்கம் இருக்கான்னு சொல்லுங்கன்னாரு."

சாவு வீடு. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பெண்ணுக்கும் தெரியும் என்றார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய வயதில் அந்த நோட்டைத்தான் படித்தாளாம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் அந்தப் பக்கத்தைக் காட்டியிருக்கிறாய். அந்தப் பள்ளிக்கூட நேர்முகத் தேர்வுக்குப் பிறகு ஒருவர் விடாமல் காட்டியிருக்கிறாய்.

எனக்கு மட்டும் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன்.

எஸ்தர் சொன்னார்: "காட்டுனா நீங்க சும்மா இருந்துடுவீங்கன்னாரு. நான் எழுதுனா அது என் வூட்டு நோட்டு, அண்ணாத்த எழுதுனாதான் அது திருத்தம்னாரு."

நோட்டைக் கடைசிவரை புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு பிளாஸ்திரி. அது மைதானத்துப் பிளாஸ்திரி இல்லை; நடுவில் ரத்தப் பொட்டு. "இடது கை. 4 மணி நேரம். 0-0" என்று எழுதி, பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருந்தாய்.

அன்று மாலையே எழுதினேன். உன் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பருவம் பருவமாக, ஊர் ஊராக எழுதினேன். முதல் வாக்கியத்திலேயே மூன்றாம் நிலை வந்தது. கடைசிப் பத்தியில், முன்பு வந்த செய்தியில் அந்தச் சொற்களை நீக்கியது இந்தச் செய்தியாளனே என்றும், வீரர் அன்றே திருத்தம் கேட்டார் என்றும் சேர்த்தேன். அலுவலகத்தில் அந்தப் பத்தி தேவையா என்று கேட்டார்கள். அதை எடுத்தால் மொத்தத்தையும் எடுத்துவிடுங்கள் என்றேன். படம் இல்லாமல், உள்பக்கத்தில் வந்தது. ஒரு சொல் குறையவில்லை.

காலையில் டீக்கடைக்குப் போகக் கூச்சமாக இருந்தது. போனேன். என் வயதுக்காரர் ஒருவர் செய்தியை உரக்கப் படித்து முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்: "மூணாவதுன்னா, அமெரிக்காவுல இவனுக்கு மேல ரெண்டே லீக்குதான் கீதா?"

ஆமாம் என்றேன்.

"அடேங்கப்பா. உச்சம்னு போட்டப்போ நான் நம்பவே இல்ல. சும்மா வுடறானுங்கன்னு நெனச்சேன். இது நம்பறாமாரி கீது," என்றார்.

இத்தனை ஆண்டுகள் எதற்குப் பயந்தேன் என்று அந்த நிமிடம் எனக்குப் புரியவில்லை. டீ சூடாக இருந்தது; நிதானமாகக் குடித்தேன். தாமோதரனின் பேனர் அதற்குள் அச்சாகிவிட்டது. அவர் ஆளை ஏணியில் ஏற்றி, "உச்ச" என்ற சொல்லின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டச் செய்து, பிறகு தானே ஏறி மார்க்கரால் "மூன்றாம் நிலை" என்று எழுதினார். எழுத்து கோணல்தான். பத்து மணிக்கு எஸ்தர் போன் செய்தார். "பேரு கரெக்டா வந்திருக்கு அண்ணா," என்றார். உன் தப்பும் காயமும் என் பொய்யும் இல்லாமல் உன் பெயர் என் செய்தியில் வந்தது அதுதான் முதல் முறை.

பள்ளிக்கூட மேசையில் உனக்கு நேர்ந்ததை எந்தத் திருத்தமும் திருத்தாது. அது எனக்குத் தெரியும். அதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் அன்று முதல் நன்றாகத் தூங்குகிறேன் என்பதையும் உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை.

நேற்று வீட்டுக்கு வந்து பிளாஸ்திரியை மெதுவாக உரித்தேன். நாலைந்து முடிகள் கூடவே வந்தன. அதன் மேல் உன்னைப் போலவே நெருக்கி எழுதினேன்: மூன்றாம் நிலை. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் வயதில்லை. கணினியில், எழுத்துகளை அழிக்கும் பொத்தானுக்கு மேலே உள்ள இடத்தில் ஒட்டியிருக்கிறேன். இந்த மடலை எழுதும்போது விரல் பலமுறை அந்தப் பக்கம் போனது. ஒவ்வொரு முறையும் நீ அங்கே நின்றுகொண்டிருந்தாய்.